ரோஜாப் பாத்தியில் கொட்டிய ஒயின்

எனக்கு வாசனை தெரியாது. நல்ல ஒயினைக் கெட்டது என்று சொல்லி, அதைச் செய்தவரின் கையாலேயே மண்ணில் கொட்ட வைத்தவன் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் தப்பி ஓடிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பாகலூர்ச் சாலையில் ஓசூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்குள் புளிச்சோறு. அந்த ஒயினைச் செய்த அக்காதான் கட்டிக் கொடுத்திருந்தார்... "ராத்திரிக்கு நீ பொங்க வேண்டாம்" என்று சொல்லி!

கம்பெனிப் பேருந்து ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போனது. கை காட்டியிருந்தால் ஓட்டுநர் நிறுத்தியிருப்பார், தெரிந்தவர்தான். காட்டவில்லை. உள்ளே ஏறினால், எங்கே போகிறாய் என்று கேட்பார். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஊர் விட்டு ஊர் போவது எனக்குப் புதிதல்ல. அரூர்ப் பக்கம் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனராக, செங்கல் சூளையில், கல் குவாரியில் என்று இருந்திருக்கிறேன். எந்த இடத்தை விட்டுப் போகும்போதும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மூக்கு போன கதையைச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை. ஓசூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலைக்கு இருந்தேன். இரும்புத் துண்டுகளை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டினால் வேர்த்து வழிந்தது, அவிழ்த்துவிட்டேன். முதலில் மூக்கு எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. பழகிவிட்டது என்று நினைத்தேன்... ஒருநாள் பரோட்டாக் கடையில் சால்னாவைத் தொட்டு வாயில் வைத்தேன். உப்பு, காரம். வேறொன்றும் இல்லை! பழகியது எரிச்சல் இல்லை. மூக்கே செத்துப்போயிருந்தது.

வருத்தப்பட்டேனா? உண்மையைச் சொன்னால், பெரிதாக இல்லை. கை போனால் வேலை போகும். மூக்கு போனால் என்ன போகும்?

பிறகு எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு ஒயின் ஆலையில் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. அங்கே சனி, ஞாயிறுகளில் பெங்களூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்க வருவார்கள். ஆலையில் ஒயின் செய்பவர் ஒரு கோப்பையைச் சுழற்றிக் காட்டி, இதில் கொய்யா வாசனை, இதில் மிளகு, இதில் மழை பெய்த மண் என்று விளக்குவார். நான் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குள் வாசனை இல்லை. வாசனையைப் பற்றிய பேச்சு மட்டும் மொத்தமாக வந்து சேர்ந்தது.

அங்கிருந்துதான் வெங்கடேசப்பாவிடம் வேலைக்கு வந்தேன். பாகலூருக்கு அப்பால், எல்லை ஓரத்தில் அவருக்கு ரோஜாத் தோட்டம். பெரிய பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசையாக ரோஜா. நான் வேன் ஓட்டிப் பூவை மார்க்கெட்டில் சேர்ப்பேன். தோட்டத்து ஓரத்து அறையிலேயே தங்கினேன். அந்த ரோஜாவுக்கு வாசனை கிடையாது. நீளக் காம்பு, பெரிய மொட்டு, கப்பலேறிப் போனாலும் வாடாத இதழ்... வாசனை மட்டும் இல்லை. எனக்கு ஏற்ற இடம்தான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

வெங்கடேசப்பாவுக்கு ஒயின் மேல் ஆசை. குடிகாரர் இல்லை. ஒரு புட்டியை வாங்கி வந்தால் இரண்டு வாரம் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ ஒயின் பேக்டரில இருந்தவன்தானே? இத குடிச்சுட்டு சொல்லப்பா, என்ன தெரியுது?"

நான் புட்டியின் லேபிளைப் பார்த்தேன். அந்த வகையைப் பற்றி ஆலைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நாவல் பழம், கொஞ்சம் மிளகு, கடைசியில் புகை...

"அடேயப்பா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருப்பா. நின்னுக்கிட்டே சொல்றியே, உக்காரு."

நீங்களே சொல்லுங்கள். என் வாழ்க்கையில் முதலாளி ஒருவர் தன் எதிரில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஐயா, எனக்கு மூக்கே கிடையாது என்று எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

பிறகு இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் முருகேசன், மத்தூர்க்காரர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் பிரிவுக்கு சூப்பர்வைசர். வாய் ஓயாது. மற்றவர் செல்வி அக்கா. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை அவர் வேலை. அவர் கை பட்ட பிறகுதான் சரக்கு பெட்டிக்குள் போகும். வீட்டில் பீங்கான் ஜாடியில் தானே திராட்சை ஒயின் போடுவார். எங்கள் நால்வரில் தன் கையால் ஒயின் செய்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, தோட்டத்திலேயே மத்தியான விருந்து. இரவில் வைத்தால் யாராவது ஒருவருக்கு ஷிப்டு வந்துவிடும். தோட்டம் தமிழ்நாட்டில், வெங்கடேசப்பாவின் வீடு வரப்பைத் தாண்டிக் கர்நாடகத்தில். "சாப்பாடு நம்ம ஸ்டேட்டு, சரக்கு அந்த ஸ்டேட்டு" என்பார் முருகேசன்.

புட்டியை யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பழைய கம்பெனி யூனிபார்ம் பேண்ட்டின் காலை வெட்டி, அதற்குள் புட்டியை நுழைத்து, கழுத்தில் சணல் கட்டி, சாக்பீஸில் எண் எழுதி மேசையில் வரிசையாக வைப்போம். நீல நிறக் கால்கள் வரிசையாக நிற்கும். எந்தக் காலுக்குள் எந்த ஒயின் என்று மூவரும் ஊகிக்க வேண்டும். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல, உள்ளே இருப்பது தெரிந்த ஒருவன் வேண்டும் அல்லவா?

அது நான். விருந்துக்குத் திட்டம் போடுகிறவனும் நானே. ஆமாம்... நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு! புட்டிக்குக் கால்சட்டை மாட்டுகிறவனுக்கு மூக்கு எதற்கு? அவர்கள் திணறுவார்கள், தப்பாகச் சொல்வார்கள். கடைசியில் நான் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடி, முன்பே தெரிந்ததைச் சொல்வேன். எனக்கு "மூக்கு" என்றே பெயர் வைத்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. அதுதான் என்னை மாட்டிவைத்தது. வீட்டில் செய்த ஒயின் என்றால், மேசைக்கு வருவதற்கு முன்னால் திட்டக்காரன் ருசி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். செல்வி அக்கா முதலில் போட்ட ஜாடி பூசணம் பிடித்தது. அடுத்ததை நன்றாக இருக்கிறது என்று நம்பி நேராக மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். சுத்தக் காடி, வினிகரேதான்! எல்லாரும் ஓடிப்போய்த் துப்பினார்கள். "இதுல மீன் ஊற வெக்கலாம்க்கா" என்றார் முருகேசன். அக்காவும் சிரித்தார். அடுத்த விருந்துக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த விருந்தில் அவரே இந்த விதியைக் கொண்டுவந்தார்.

மூன்றாவது ஜாடியைப் போடும்போது என்னிடம் சொன்னார். "இதுவும் போச்சுன்னா இத்தோட விட்டுருதேன்ப்பா. ஜாடிய கழுவி ஊறுகாய் போட்டு வச்சிருவேன்."

மாம்பழக் காலத்தில் அந்த விருந்து வந்தது. ஒரு வாரமாகத் திட்டம் போட்டோம். திட்டம் போடுவது விருந்தை விட ருசி. வேனை நிறுத்திவிட்டு நான், ஷிப்டு முடிந்து முருகேசன், வரவு செலவுக் கவலையை மறந்துவிட்டு வெங்கடேசப்பா, மூவரும் என் அறை வராந்தாவில் உட்கார்ந்து சண்டை போடுவோம்.

"மொதல்ல காரமா ஏதும் வரக் கூடாது. நாக்கு செத்துரும்" என்றேன் நான்.

"டேய் மூக்கு, நாட்டுக்கோழி காரம் இல்லாம எப்பிடிடா வெக்கறது? அதுக்கு நான் ஆஸ்பத்திரி கஞ்சியே குடிச்சுக்கறேன்" என்றார் முருகேசன்.

"மொதல்ல வெள்ளை ஒயினு. அதுக்கு வேகவெச்ச வேர்க்கடலை, பனீரு. அப்பறம் லேசான செகப்பு, அதுக்குப் பணியாரம். கடைசியா கெட்டிச் செகப்புக்குக் கோழி, களி."

"களிக்கு ஒயினா!" வெங்கடேசப்பா தொடையைத் தட்டினார். "எங்க தாத்தா கேட்டா செருப்பால அடிப்பாரு, நம்ம நாலு பேரையும்."

"மாம்பழத்த எங்க வெக்கற?" என்று முருகேசன் விடவில்லை. "எங்க மத்தூர்ப் பக்கத்து மாம்பழம் கூட இல்லாம ஒரு விருந்தாடா?"

எவ்வளவு சிரித்தோம்! இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. எந்த ஊரிலும் ஒட்டாத ஒருவனை அவர்கள் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா மிளகு ரசம் கொடுத்தனுப்புவார். பொங்கலுக்கு முருகேசன் சட்டை எடுத்துத் தந்தார். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை அவர்கள். நான்தான் யோசித்தேன்... இதெல்லாம் அந்த மூக்குக்காகத்தான் என்று. மூக்கு இல்லை என்று தெரிந்தால் நாற்காலியும் இருக்காது என்று.

அப்படி நினைத்ததுதான் நான் அவர்களுக்குச் செய்த முதல் துரோகமோ?

ஞாயிறு காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே செல்வி அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் துணி சுற்றிய ஜாடி. அவர் கணவர் காலை ஷிப்டு, மகள் விடுதியில். தனியாகத்தான் வந்திருந்தார். ஜாடியைத் தோட்டத்துக் குழாயடியில் வைத்து, வாயில் கட்டிய துணியை அவிழ்த்தார்.

"எனக்கு நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா போன தடவையும் நல்லாத்தான இருக்குன்னு நெனச்சேன்? என் மூக்க நான் நம்பமாட்டேன். நீ பாத்துச் சொல்லு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "நாள் முச்சூடும் அடுத்தவன் செஞ்சத நாந்தான ரிஜெக்ட் பண்ணுதேன்? எனக்கும் ஒருத்தன் வேணும்லா!"

கோப்பையில் ஊற்றினேன். தெளிவாக இருந்தது. கருஞ்சிவப்பு. சுழற்றினேன், முகர்ந்தேன், கண்ணை மூடினேன்... எல்லாம் பழக்கம். வாயில் வைத்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. காடி இல்லை. அதற்கு மேல்?

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது! லேபிள் இல்லை. பார்த்து ஊகித்துக்கொள்ள, குடித்தவர் முகம் வேறு எதுவும் இல்லை. அக்காவின் முகம் மட்டும், என் வாயையே பார்த்துக்கொண்டு.

ஆலையில் ஒருமுறை, என் நாக்குக்கு நன்றாகவே இருந்த ஒரு தொட்டி ஒயினை, மூக்கை வைத்த மாத்திரத்தில் அந்த ஆலைக்காரர் ஒதுக்கியது நினைவுக்கு வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மேசையில் எல்லாரும் மூக்கைப் பொத்தினால்? அக்கா அவமானப்படுவார். ஆனால் அதுவா என் பயம்? இல்லை. அன்றோடு நான் பிடிபடுவேன். அதுதான் பயம். கெட்டது என்று சொன்னால்... யாரும் குடித்துப் பார்க்கப் போவதில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை.

கணக்கு அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரத்தில் போட்ட கணக்கு.

"இது ஆவாதுக்கா" என்றேன். "நெயில்பாலிஷ் வாடை வருது."

ஆலைக்காரரின் சொல் அது. திருடிய சொல்.

அக்கா மறுபடி குனிந்து முகர்ந்து பார்த்தார். "அப்படியா... எனக்குத் தெரியலியே."

"பழகின மூக்குக்குத்தான்க்கா தெரியும். அவங்க வர்றதுக்குள்ள ஊத்திடுங்க. முருகேசண்ணன் பாத்தா ஓட்டுவாரு."

பாருங்கள், அதோடு நான் நிறுத்தவில்லை. கொட்டச் சொன்னேன். சாட்சி இருக்கக் கூடாது என்று கொட்டச் சொன்னேன்!

அக்கா ஜாடியைத் தூக்கினார். பக்கத்துக் கூடாரத்தின் ஓரத்தில், ரோஜாப் பாத்தியில் சாய்த்தார். கனமான ஜாடி. நான் கை கொடுத்தேன். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா... நானும் பிடித்துக்கொண்டேன்.

குழாயைத் திறந்து ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வெயில் ஏறியது. முருகேசன் கோழியோடு வந்தார். வெங்கடேசப்பா பூஜை முடித்து, நெற்றியில் குங்குமத்தோடு வரப்பைத் தாண்டித் தோட்டத்துக்குள் வந்தவர், கூடாரத்தின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். மூச்சை இழுத்தார்.

"என்னப்பா இது! என் ரோஜாவுக்கு எப்பப்பா வாசனை வந்துச்சு?"

முருகேசனும் மூக்கைத் தூக்கினார். "அட, ஆமாங்க! திராட்சை மாதிரி... இல்ல, கிராம்பு. டேய் மூக்கு, என்னாடா இது? சொர்க்கம் மாதிரி இருக்குது. பாத்திலருந்துதான் வருது பாரு!"

இருவரும் பாத்தியோரம் குனிந்து நின்றார்கள். சூடான மண்ணிலிருந்து ஏதோ எழுந்து அந்த இடம் முழுக்க நிறைந்திருக்கிறது என்று அவர்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்கா கிராம்பும் போட்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தத் தோட்டத்தில் அந்த நிமிடம் அந்த வாசனை தெரியாதவன் நான் ஒருவன்தான்.

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு கேள்வியாக.

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்! என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அக்காவோட ஒயினுங்க. கெட்டுப்போச்சு, ஊத்திட்டோம். வாசனைய வெச்சு ஏமாந்துடாதீங்க. மண்ணுல விழுந்தா கெட்டதும் நல்லா மணக்கும். உள்ளுக்குள்ள போயிருச்சு அது."

மண்ணில் விழுந்தால் மணக்குமா? எனக்கு என்ன தெரியும்! ஆனால் நம்பினார்கள். நான் மூக்கு அல்லவா?

"அய்யய்யோ, போச்சா" என்று வெங்கடேசப்பா உச்சுக் கொட்டினார். முருகேசன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "பரவால்லக்கா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

"இல்லப்பா" என்றார் அக்கா. "என் கைக்கு இது வரல. விட்டுருதேன்."

விருந்து நடந்தது. நீலக் கால்சட்டைகள் வரிசையாக நின்றன. பணியாரம் வந்தது, களி வந்தது, மாம்பழம் வந்தது. முருகேசன் வெள்ளை ஒயினைக் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு என்று சத்தியம் செய்ய, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் சுழற்றினேன், முகர்ந்தேன், தீர்ப்புச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நன்றிப்பா. நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கும் எல்லார் முன்னாலயும் அசிங்கப்பட்டுருப்பேன். மொகத்துக்கு நேரா உண்மையச் சொல்ல யாரு இருக்கா?"

டிபன் பாக்ஸைக் கையில் திணித்தார்.

திட்டியிருந்தால் இருந்திருப்பேன். சந்தேகப்பட்டிருந்தால்கூட இருந்திருப்பேன்... நன்றி சொன்னாரே! அதை வாங்கிக்கொண்டு அந்தத் தோட்டத்தில் எப்படிப் படுத்து உறங்குவது? அறைக்குப் போனேன். வேன் சாவியை ஆணியில் மாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த ஜாடியைத் தாண்டி நடந்தேன்.

அவர்களிடம் சொல்லாமல் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அக்காவின் எண் எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு வாக்கியம் போதும். உங்கள் கைக்கு ஒன்றுமில்லை அக்கா, என் மூக்குக்குத்தான். அவ்வளவுதான். சொன்னால் அவர் திராட்சை வாங்குவார், ஜாடி மறுபடி நிறையும். இது தெரிந்தும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், என்னை அப்படி நேசித்த நான்கு நாற்காலி மேசை ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பும் போய்விடும். அந்த நன்றியை இழக்க மனம் வரவில்லை. அவருடைய ஒயினைக் கொடுத்து அதை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஓசூரில் கிருஷ்ணகிரிப் பேருந்து ஏறினேன். இரவு அங்கே பேருந்து நிலையத்து பெஞ்சில் படுத்து எழுந்தேன். மாம்பழக்கூழ் ஆலைகளில் ஆள் எடுக்கும் நேரம் அது. காலையில் ஒரு ஆலை வாசலில் நின்றவர்களோடு நானும் நின்றேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழம் பிரிக்கற வேல. காம்புகிட்ட மோந்து பாக்கணும். கெட்டத ஒதுக்கிடணும். முடியுமா?"

"முடியாதுங்க" என்றேன். "எனக்கு மூக்கு வேல செய்யாது. வாசனையே தெரியாது."

எவ்வளவு சுலபமாக வந்தது! முன்பின் தெரியாத ஒருவரிடம், காலை வெயிலில், ஒரே மூச்சில்!

அவர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. பின்னால தோலும் கொட்டையும் அள்ளற எடத்துக்குப் போ. மூக்கு இருக்கறவன் ஒருத்தனும் அங்க நிக்க மாட்டேங்கறான்."

போனேன். ஆள் உயரக் குவியல். ஈ மொய்த்துக் கருத்துக் கிடந்தது. அங்கே நின்ற ஒருவர் முகத்தில் துண்டை இறுகக் கட்டியிருந்தார். வேலை தொடங்குவதற்கு முன் சாப்பிட்டுவிடலாம் என்று, மரத்தடிக்குத் தள்ளிப்போய் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் துண்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த நாத்தத்துலயும் என்னமா மணக்குதுய்யா புளிசோறு! யாரு செஞ்சது?"

"எங்க அக்கா" என்றேன்.

அவருக்குப் பாதியைக் கொடுத்தேன். என் நாக்கில் புளிப்பு இருந்தது, உப்பு இருந்தது. டப்பாவைக் கழுவிப் பைக்குள் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.